மிட்டாய் ரோஸ் கதவு

போடிநாயக்கனூர்
3 பிப்ரவரி 2025

ஜோயலுக்கு,

"கர்த்தருக்குள் பிரியமான தம்பி" என்று தொடங்க வேண்டும். அப்பா நமக்கு அப்படித்தான் பழக்கிவிட்டார். இன்றைக்கு அதற்கு மனம் வரவில்லை, வெறும் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். போன் பண்ணாதே. உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். குரலைக் கேட்டால் நான் கத்துவேன், நீ "யக்கா, யக்கா" என்று குழைவாய், விஷயம் மழுங்கிப்போகும். சொல்ல வேண்டியதை எழுது. போடிக்கும் அல்லிநகரத்துக்கும் நடுவில் தபால் போய்வருவதற்குள் எனக்கும் கொஞ்சம் ஆறும்.

நேற்று மதுரையிலிருந்து வந்து சேர்ந்தேன். இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி வேடிக்கை பார்த்தேன். ஆண்டிபட்டிக் கணவாயில் இத்தனை விதமான பச்சை இருக்கிறது என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியவே இல்லை. மாட்டுக் கொம்பில் பொங்கலுக்கு அடித்த நீலம்கூடக் கண்ணைப் பறித்தது. நம் வீட்டுக் கதவை இந்தக் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆட்டோ ராக்கப்பனுடையது. "ரோஸ் கதவு வீடுதான டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். "என்ன டீச்சர், கதவக் காணோம்?" என்று வண்டியைத் திருப்பினார். நானும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன், ஜோயல். என் வீட்டை நானே தாண்டிப் போனேன். கடைசியில் எதிர்க்கடை சுயம்புலிங்கம் வெளியே வந்து கையை ஆட்டினார். "இங்கன, இங்கன! இதான் டீச்சர் ஒங்க வீடு. தம்பி வந்து சும்மா ஜம்முனு இரும்புக் கதவு போட்டுட்டுப் போயிருக்காக."

பார்த்தேன். காப்பிக் கலரில், மரம் மாதிரி வரி போட்ட இரும்பு. நடுவில் எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி ஓட்டை. நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்திருக்கிறாய்.

உனக்கு அப்போது பதினொரு வயது. மறந்திருப்பாய், அதனால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அதுவரைக்கும் நம் கதவு வார்னிஷ் கதவுதான். அப்பாவுக்கு அதுதான் கௌரவம். அம்மா உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டாள் என்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உன் அண்ணன் ஜோஷ்வா அதற்கு மிட்டாய் ரோஸ் அடித்துவைத்தான். காலையில் சர்ச்சுக்குப் புறப்பட்ட அப்பா கதவைப் பார்த்தார். தெருவே பார்க்க அவன் கன்னத்தில் அறைந்தார். "இது வீடா, சர்க்கஸ் கூடாரமா? வெளிய போலே" என்றார். புதுச்சட்டையோடு, செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனான். மத்தியானம் நாம் சாப்பிட உட்கார்ந்தபோது திரும்பி வந்தான். பெயிண்ட் காயவில்லை என்று கையால் தட்டாமல் முழங்காலால் கதவை இடித்தான். அந்தச் சத்தம் உனக்கும் கேட்டது. "ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது" என்றார் அப்பா. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அவ்வளவுதான். அவனுக்குப் பத்தொன்பது வயது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அப்பாவே பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். அதே ரோஸ். அப்புறம் ஒவ்வொரு வருஷமும். கை நடுங்க ஆரம்பித்த பிறகும் வேறு யாரையும் தொடவிடவில்லை. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன், வருஷத்துக்கு ஒரு தடவை கதவில் கேட்டார். அவர் போன பிறகு இந்த டிசம்பரில் நான் அடித்தேன். பிள்ளை திரும்பி வந்தால் தேடி அலையக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும். அதைத்தான் நீ கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய்.

கதவை உடனே திருப்பி அனுப்பு.

எப்சிபா


அல்லிநகரம்
8 பிப்ரவரி 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. கடையில் பில் எழுதுவதோடு சரி. தப்பிருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பாதீர்கள்.

நீங்கள் நினைக்கிற மாதிரி நான் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. உங்களுக்குத் திடீர் சந்தோஷம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்தக் கதவின் நிலையைக் கரையான் அரித்து உள்ளே கூடாகிவிட்டது. விரலால் குத்தினால் மாவு கொட்டுகிறது. ஒரு பலமான காற்றடித்தால் கதவு நிலையோடு உங்கள் மேல் விழும். தனியாக இருக்கிறீர்கள். ஊரெல்லாம் எவனெவனோ சுற்றுகிறான். நான் கதவு விற்கிறவன், என் அக்கா வீட்டுக்குக் கரையான் தின்ற நிலையா? கடையில் இருப்பதிலேயே நல்ல மாடலைத்தான் போட்டேன். அதைக் கடப்பாரையால்கூட நெம்ப முடியாது.

பழைய கதவைத் தூக்கி எறியவில்லை. நிலைதான் கெட்டுப்போச்சு, கதவு நல்ல தேக்கு. எங்கள் மாடியில் புதிதாக எடுத்த அறைக்கு அதைப் போட்டிருக்கிறேன். அறையிலிருந்து மொட்டைமாடிக்குப் போகிற கதவு. மாடிப்படி வீட்டுக்குள்ளே இருக்கிறது, அதனால் வெளியாள் யாரும் அதைத் தொடக்கூட முடியாது, பத்திரமாக இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே ஜாய்ஸுக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம். ரோட்டில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வீட்டுப் பொருள் நம் வீட்டில்தானே இருக்கிறது?

அண்ணனைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆக வேண்டும். இருபத்துநாலு வருஷத்தில் ஒரு கார்டு இல்லை, ஒரு போன் இல்லை. அப்பா இறந்ததைப் பேப்பரில் போட்டோம், அதற்கும் வரவில்லை. எந்த மனுஷனும் இவ்வளவு நாள் கோபமாக இருக்க மாட்டான், அக்கா. இருந்திருந்தால் வந்திருப்பான். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன், நீங்களே புரிந்துகொள்ளுங்கள். அவனுக்காக நீங்கள் கல்யாணம் வேண்டாம் என்றீர்கள், ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வெளியூர் போனதில்லை. கண்ணுக்காகப் போனதே டாக்டர் மிரட்டிய பிறகுதான்.

மத்தியான வெயிலில் அந்தக் கதவு டொம் டொம் என்று சத்தம் போடுகிறது என்கிறாள் ஜாய்ஸ். மரம் சூட்டில் விரிந்தால் அப்படித்தான் கேட்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தம்பி,
ஜோயல்


போடி
15 பிப்ரவரி 2025

ஜோயல்,

சூட்டில் மரம் சத்தம் போடும். முழங்கால் உயரத்தில் மட்டும் போடுமா என்று ஜாய்ஸிடம் கேட்டுப் பார்.

நேற்று சுயம்புலிங்கம் கடைக்குப் புளி வாங்கப் போனேன். அவர் நம் தெருவுக்கு வந்து நாலைந்து வருஷம்தான் இருக்கும், நம் வீட்டுக் கதை ஒன்றும் அவருக்குத் தெரியாது. புளியை நிறுத்துக்கொண்டே, "ஆமா டீச்சர், ஒங்களத் தேடி ஒரு ஆளு வந்துச்சே, பாத்துச்சா?" என்றார்.

நீ கதவைக் கழற்றிக்கொண்டு போன மறுநாளாம். உச்சி வேளை. ஒருத்தன் தெருவில் இந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே வந்தானாம். பச்சைக் கதவு, நீலக் கதவு, மஞ்சள் கதவு எல்லாவற்றின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தானாம். நம் வீட்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனானாம். "இந்தத் தெருவுல ரோஸ் கதவு ஒண்ணு இருக்குமேண்ணேன்னு கேட்டாப்ல. அது அல்லிநகரத்துக்குப் போயிருச்சுப்பா, அவுக தம்பி ஜோயல் வீட்டுக்குன்னேன். சரிண்ணேன்னுட்டு நடந்துட்டாப்ல. பஸ்ஸுக்குப் போகல, தேனி ரோட்டுல அப்படியே நடந்துட்டாப்ல."

எப்படி இருந்தான் என்று கேட்டேன். பத்தொன்பது, இருபது வயதிருக்கும் என்றார். காலில் செருப்பில்லை. சட்டை மட்டும் மடிப்புக் கலையாத புதுச்சட்டை. நகத்தில் ரோஸ் சாயம், பேன்ட்டில் முழங்காலுக்கு நேரே வட்டமாக ஒரு ரோஸ் கறை. "பெயிண்டருன்னு நெனச்சேன் டீச்சர்." புளிப் பொட்டலத்தோடு அவர் கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். ஜோஷ்வாவுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். அப்படியானால் வந்தது அவன் மகன். அப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறான், தெருப் பெயர் மறந்திருக்கும், கதவின் நிறத்தைச் சொல்லியிருக்கிறான். அதுதான் நியாயமாகப் படுகிறது. சட்டையையும் முழங்கால் கறையையும் பற்றி நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கக் கஷ்டப்படுகிறேன் என்று எழுதினால் சரியாக இருக்கும்.

நான் ஏன் நேரே அல்லிநகரத்துக்கு வரவில்லை என்று கேட்பாய். இத்தனை வருஷத்தில் நான் ஊரில் இல்லாமல் போனது ஒரே தடவை. அப்போது பார்த்து வந்திருக்கிறான். இனி இந்த வாசலை விட்டு நான் எங்கும் நகர்வதாக இல்லை. புளிகூட இனி சுயம்புலிங்கம் கொண்டுவந்து தருவார். நீதான் கதவோடு இங்கே வர வேண்டும். கதவில்லாமல் வந்தால் திறக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதுவரைக்கும் உன் மாடியில் யாராவது கதவை இடித்தால் திற. யார், என்ன என்று கேள்வி கேட்காமல் திற. ஒரு தடவை அந்தக் கதவு அவனுக்குத் திறக்காமல் போனது போதும்.

எப்சிபா


அல்லிநகரம்
27 பிப்ரவரி 2025

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் நின்றேன். அந்தக் கண்ணாடி ஓட்டைக்குப் பின்னால் நிழலாடியது. நீங்கள் பார்த்தீர்கள், திறக்கவில்லை. நான் விற்ற கதவே என் முகத்தில் மூடிக்கிடந்தது. வந்த விஷயத்தைச் சொல்ல முடியாமல் திரும்பிவிட்டேன், எழுதுகிறேன். கிறுக்கல் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஜாய்ஸிடம் கேட்டேன். "ஆமா, கீழதான் இடிக்கிது. ஒங்ககிட்ட சொன்னா சிரிப்பீகன்னு சொல்லல" என்றாள். கடையை விட்டுவிட்டு மத்தியானம் வீட்டில் இருந்து பார்த்தேன். இடித்தது. முழங்கால் உயரத்தில், அவசரமில்லாமல், உள்ளே ஆள் இருப்பது தெரிந்து இடிக்கிற மாதிரி. நான் கதவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் ஏறி எட்டிப் பார்த்தேன். எங்கள் மொட்டைமாடியில் காயப்போட்ட மிளகாய் வத்தலைத் தவிர ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வத்தலை ஒரு கால் மிதித்த மாதிரியும் இல்லை.

சாயங்காலம் கதவின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். டிசம்பரில் நீங்கள் அடித்த பெயிண்ட் கல்லாக இறுகியிருந்தது. முழங்கால் படுகிற இடத்தில் மட்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். விரலில் ரோஸ் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் நகத்துக்குள் இன்னும் இருக்கிறது.

மறுநாள் நான் சாப்பாட்டுக்கு வருவதற்குள் ஜாய்ஸ் மேலே போய்க் கதவைத் திறந்துவிட்டாள். அவளுக்கு நீங்கள் எழுதியதை நான் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மாடியில் பேச்சுக் குரல் கேட்டது. படியேறிப் போனேன். ஜாய்ஸின் முதுகு தெரிந்தது, அவளுக்கு அந்தப் பக்கம் கதவுக்கு வெளியே ஒருத்தன். வெயிலில் கண் கூசியதில் எனக்கு முகம் சரியாகத் தெரியவில்லை, சட்டைதான் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டான். "அடிக்காதீகப்பா" என்றான். அவ்வளவுதான், அக்கா. வெறும் கால் ஓடுகிற சத்தம் கைப்பிடிச்சுவர் வரைக்கும் போனது. அதற்கு அப்பால் கீழே ரோடு. எட்டிப் பார்த்தேன், ரோட்டில் ஒருவரும் இல்லை.

நான் யாருக்கு அப்பா? எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஜாய்ஸ் என்னைக் கண்டபடி பேசினாள். "எப்சி அக்கா இருக்காகளான்னுதான் கேட்டுச்சு. உள்ள வான்னு சொல்ல வாயெடுத்தேன், நீங்க வந்து வெரட்டிட்டீக" என்றாள். ஜெயமங்கலத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எப்போது வருவாள் என்று தெரியவில்லை.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கோபப்படுவீர்கள். நேற்று அந்தக் கதவின் இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காப்பிக் கலர் அடித்துவிட்டேன். நானே அடித்தேன், ஆள் வைக்கவில்லை. இன்று மத்தியானம் முழுக்க மேலே உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. எது வந்ததோ அது போய்விட்டது. நீங்களும் விட்டுவிடுங்கள்.

ஜோயல்


போடி
8 மார்ச் 2025

ஜோயல்,

போகவில்லை. இங்கே வந்துவிட்டான்.

உனக்குக் கோபமாக எழுத வேண்டும் என்று தாளை எடுத்தேன், கோபம் வரவில்லை. பயந்தவனைத் திட்டி என்ன செய்ய? அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை நீ வந்து நின்றபோது அந்த ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன். கதவு கொண்டுவரவில்லை என்பதற்காக மட்டும் திறக்காமல் இருந்தேன் என்று நினைக்காதே. என் புதுக் கண்ணுக்கு உன் வெள்ளைச் சட்டையும் அதற்குள் நரைத்துவிட்ட மீசையும்தான் தெரிந்தது. ஒரு நிமிஷம் அப்பாதான் வந்து நிற்கிறார் என்று தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றுபோனது. வயது ஏற ஏற நீ அச்சு அசலாக அவராக ஆகிவிட்டாய். கண்ணாடியில் பார்த்தால் உனக்கே தெரியும். அந்தப் பிள்ளை ஏன் கன்னத்தை மறைத்தான் என்று இனி என்னிடம் கேட்காதே.

அவன் மகன் என்று எழுதினேனே, அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அவன்தான். நீ கதவுக்குக் காப்பிக் கலர் அடித்த மறுநாளிலிருந்து உச்சி வேளையில் நம் தெருவுக்கு வருகிறான். இந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு வருகிறான், நம் வீட்டைத் தாண்டிப் போகிறான். முதல் நாள் ஓட்டை வழியாகப் பார்த்ததோடு சரி. இரண்டாம் நாள் வாசலில் இறங்கி நின்று, "ஏலே ஜோஷ்வா!" என்றேன். நின்றான். என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். தெரு முனையில் வழி கேட்க வந்தவன் யாரோ ஒரு கிழவியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அப்புறம் எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தான், இது இல்லை என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் கையை நீட்டினால் அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஏனோ பிடிக்கவில்லை. அவன் போன பிறகு வீட்டுக்குள் வந்து அழுதேன், அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. எனக்கு இருபத்தெட்டு வயதாக இருந்தபோது போனவன். அவனுக்குத் தெரிந்த அக்கா வேறு. இந்த நரைமுடியையும் வீங்கிய காலையும் அவன் பார்த்ததே இல்லை. அவனுக்கு அடையாளம் தெரிகிறது என்று உலகத்தில் ஒன்றுதான் இருந்தது, அதையும் நாம் ஆளுக்கொரு பக்கம் கெடுத்துவிட்டோம். நான் ஊருக்குப் போனேன், நீ கழற்றினாய்.

சுயம்புலிங்கத்தை விட்டு மிட்டாய் ரோஸ் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். இரும்பில் நேரடியாக அடித்தால் ஒட்டாது, முதலில் ஒரு கோட்டு பிரைமர் அடிக்கணும் டீச்சர் என்கிறார். அடிக்கிறேன். அப்பா நடுங்குகிற கையோடு அடித்தார், எனக்குக் கை நன்றாகவே இருக்கிறது.

எப்சிபா


அல்லிநகரம்
11 மார்ச் 2025

அக்கா,

தயவுசெய்து அந்தக் கதவுக்கு ரோஸ் அடிக்காதீர்கள். நான் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை. மிளகாய் வத்தலில் ஒரு சுவடு இல்லை. பத்தொன்பது வயதுக்கு மேல் ஏறாமல் நிற்கிற ஒன்றை வீட்டுக்குள் கூப்பிட்டால் அது எதற்கு வந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அண்ணனாகவே இருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது ஆனால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அம்மா முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. என்னைத் தூக்கி வளர்த்தது நீங்கள்தான்.

வருகிற ஞாயிறு காலை காரோடு வருகிறேன். உங்களை இங்கே கூட்டிவந்துவிடுகிறேன். திறக்காவிட்டால் பூட்டை அறுக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வருவேன். ஜாய்ஸும் நீங்கள் வருவதாக இருந்தால் தானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்காகவாவது வாருங்கள்.

ஜோயல்


போடி
14 மார்ச் 2025

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜோயலுக்கு,

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று சுயம்புலிங்கத்திடம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் போடச் சொல்கிறேன். காரை எடுக்காதே. வராதே.

நேற்று உச்சி வேளையில் இரும்புக் கதவு இடிபட்டது. முழங்காலால்தான். பெயிண்ட் அப்போதும் லேசாக ஈரமாக இருந்தது. நான் கதவுக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு எட்டில் போய்த் திறந்துவிட்டேன். வாசலில் நின்றான். செருப்பில்லாமல் அல்லிநகரத்துக்கும் போடிக்கும் நடந்த காலில் ஒரு துளி புழுதி இல்லை. எனக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வா என்று சொல்ல வாய் வந்துவிட்டது. உள்ளே வந்தான்.

வந்தவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். "பெரியம்மா, எப்சி அக்கா எங்க?" என்றான்.

"நாந்தாம்லே எப்சி" என்றேன்.

சிரித்தான். நல்ல சிரிப்பு, அதே சிரிப்பு. "எங்க அக்காவுக்கு ஜடை இம்புட்டு நீளம் இருக்கும்" என்று கையைக் காட்டினான். நான் விடவில்லை. அம்மா பெயர் கிருபாவதி என்றேன், அவன் சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து மண்டை உடைந்ததைச் சொன்னேன், எந்த இடத்தில் தழும்பு என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. சந்தோஷம் இல்லை ஜோயல், பயம். தெரியாத வீட்டுக்குள் வந்து மாட்டிக்கொண்டவன் மாதிரி எழுந்து வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இறங்கிப் போயிருப்பான்.

அப்போதுதான் சொன்னேன். "நான் சும்மா வெளையாடுனேன்ப்பா. வேலைக்கு வந்த ஆளு. ஒங்க அக்கா மதுரைக்குப் போயிருக்கா, வந்துருவா. இரு."

"வந்துருவாளா?" என்றான்.

"வந்துருவா" என்றேன். உட்கார்ந்தான்.

அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டான். இல்லை என்றேன். இந்தக் கதவுக்கு வருஷா வருஷம் உனக்காக ரோஸ் அடித்தது அவர்தான் என்று சொன்னேன். "எங்கப்பாவா? போங்க பெரியம்மா" என்று அதற்கும் சிரித்தான், நம்பவில்லை. "ஜோயலுப் பய எங்க?" என்று கேட்டான். பள்ளிக்கூடம் போயிருக்கிறான் என்றேன். வரும்போது அவனுக்குக் கமர்கட் வாங்கி வைக்க வேண்டும் என்றான். உனக்கு அது பிடிக்கும் என்பது எனக்கே மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ அந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றால் அவன் ஓடிவிடுவான். மறுபடி எந்தக் கதவுக்கு என்ன நிறம் அடித்து அவனைக் கூப்பிடுவேன்? ஜாய்ஸைக் கூட்டிக்கொண்டு நீ உன் வீட்டில் நன்றாக இரு. உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கர்த்தர் உன்னோடிருப்பாராக.

அவன் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. சோறு வைத்தேன், அக்கா வந்ததும் சாப்பிடுகிறேன் என்கிறான். நேற்றிலிருந்து வாசலைப் பார்த்து அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். இத்தனை வருஷம் இந்த வீட்டில் நான் அவனுக்காகக் காத்திருந்தேன், இப்போது அவன் எனக்காகக் காத்திருக்கிறான். தெருவில் யாராவது நடந்து வரும் சத்தம் கேட்டால் அவன் நிமிர்ந்து பார்க்கிறான். அவனோடு சேர்ந்து நானும் பார்க்கிறேன்.

எப்சி